மாடியில் நிழல்வலைக் குடில்: மளிகைக்காரருக்கு என்ன பயன்?

காய்கறியும் வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்குக் கோடை வந்தால் ஒரு தலைவலி உண்டு. காய் வாங்கும் வாடிக்கையாளர் கொசுறாக ஒரு பிடி கொத்துமல்லி கேட்பார். இல்லையென்றால் முகம் சுளிப்பார். கட்டு விலை ஏறிய நாளில் கொடுத்தால் லாபம் கரையும்.

கொத்தவால் சாவடி இருந்தவரை கல்மண்டபம், இராயபுரம் வணிகர்களுக்கு மார்க்கெட் பக்கத்திலேயே இருந்தது. 1996-ல் அது கோயம்பேட்டுக்குப் போனபின் வண்டி வாடகையும் வாடல் கழிவும் சேர்ந்தன. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டு, திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது தூரம் இன்னும் கூடியது. கொசுறுக்கு வேண்டியதையாவது கடை மாடியிலேயே விளைவிக்கலாமே!

வலை போதும்

ஊட்டி, ஓசூர் பக்கம் பூ வளர்க்கும் பாலிதீன் குடிலைப் பார்த்து இங்கே அதையே போடக்கூடாது. அது வெப்பத்தை உள்ளே தேக்கும். நமக்கு வேண்டியது 50 சதவீத நிழல்வலை. வெயில் கடுமையானால் கொத்துமல்லி இலை விடாமல் பூத்துவிடும். நிழல்வலை அதைத் தடுக்க உதவும்.

10 அடிக்கு 8 அடி குடிலுக்கு நான்கு ஜி.ஐ. குழாய்க் கால்கள் போதும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். தளத்தில் துளை போட வேண்டாம், மழைநீர் கசியும். 15 கிலோ காலி எண்ணெய் டின்னில் குழாயை நிறுத்தி கான்கிரீட் ஊற்றினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 கிலோ எடை நிற்கும். அவற்றைச் சுவரின் மேல் வரும் இடத்தில் வையுங்கள். வலையை நைலான் கயிற்றால் அவிழ்க்கும்படி கட்டுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா புயலை மறக்க முடியுமா? புயல் எச்சரிக்கை வந்தவுடன் வலையைக் கழற்றிவிட வேண்டும்.

மாடி தாங்குமா?

அரை அடி ஈர மண் ஒரு சதுர அடிக்கு 25 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே கழுவிய தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்து, பழக்கூடைகளில் போடுங்கள். மரச்சட்டம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடமானால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வாடகைக் கடையானால் உரிமையாளரின் சம்மதம் முதலில்.

விதை நம் மூட்டையில்

தனியாவும் வெந்தயமும் நம் சரக்குதானே! தனியாவை இரண்டாக உடைத்து ஒரு இரவு ஊறவைத்து விதைக்கலாம். பழைய சரக்கு முளைக்காது. முதலில் பத்து விதையை ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். வெந்தயக்கீரை 20 முதல் 25 நாளில், கொத்துமல்லி 40 நாளில் அறுவடைக்கு வரும். வாரம் ஒரு கூடையாக விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும். புதினாவுக்குத் தண்டு போதும்.

கடலோர ஆழ்குழாய் நீர் உப்பானால் பயிர் கருகும். ஆர்.ஓ. கழிவுநீர் அதைவிட மோசம். குடிநீர் வாரியத் தண்ணீரோ சேமித்த மழைநீரோ நல்லது.

மாடித் தோட்டத்துக்கு விதை, நார்க்கழிவு, உயிர் உரம் அடங்கிய தளையைத் தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மானியத்தில் தந்தது. இப்போது என்ன உதவி உண்டு என்று துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதனால் மார்க்கெட் கொள்முதல் நின்றுவிடாது. கொசுறுச் செலவு குறையும். வாடாத இலை வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்து வரும். வலைக்குச் செலவிடும் முன் நான்கு கூடையில் தொடங்கிப் பாருங்கள். அது தேறினால் குடில் போடலாம்.