கிடார் பெடலுக்கு எந்தப் பாட்டரி?
மெல்லிசைக் குழுக்களின் மேடைத் தொல்லைக்கு வழி உண்டு

ஆடி பிறந்துவிட்டால் பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் அம்மன் கோயில் விழாக்களுக்கும் மெல்லிசைக் கச்சேரிகளுக்கும் குறைவிராது. பகலில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வருபவர்களும் இக்குழுக்களில் உண்டு. அவர்களில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவருக்கு ஒரு தனித் தொல்லை. இடையிசை வரும் நேரத்தில் காலடியில் உள்ள பெடலுக்குச் சக்தி தீர்ந்தால், கிடாரின் குரல் கம்மும். அல்லது அடியோடு அடங்கிவிடும். அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வருமா என்பதே பிறகு சந்தேகம்.

கிடாரின் ஒலியைக் கரகரப்பாக்கவும், எதிரொலி சேர்க்கவும் உதவும் சிறு பெட்டியே பெடல். 1962ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஃபஸ் டோன்' பெடல் இரண்டு டார்ச் செல்களில் வேலை செய்தது. இன்று பெரும்பாலான பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக வந்த அதே சின்னச் சதுர பாட்டரிதான்.

எத்தனை மணி நேரம்?

எல்லாப் பெடலும் ஒரே அளவு மின்சாரம் குடிப்பதில்லை. கரகரப்பு பெடலுக்குச் சுமார் 5 முதல் 10 மில்லி ஆம்பியர் போதும். நல்ல ஆல்கலைன் பாட்டரியில் ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். ஆகவே பல கச்சேரிகளுக்குக் கவலையில்லை. ஆனால் டிஜிட்டல் எதிரொலி பெடல் 50 முதல் 100 வரை கேட்கும். அதில் அதே பாட்டரி ஒரு மாலைப் பொழுது தாங்கினாலே அதிகம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பெடல்களில் கிடார் வயரைச் செருகும் துவாரமே பாட்டரியின் சுவிட்சு. காலால் அணைத்தாலும், வயர் செருகியிருக்கும் வரை பாட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஒத்திகை முடிந்ததும் வயரைப் பிடுங்கிவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

பவர் பாங்க் உதவுமா?

உதவும். செல்போனுக்கான பவர் பாங்க் தருவது 5 வோல்ட். அதை 9 வோல்ட்டாக உயர்த்தும் வயர்கள் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கின்றன. 10,000 என்று அச்சிட்டிருந்தாலும் அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. 9 வோல்ட்டில், சேதாரம் போகச் சுமார் 3,300 மில்லி ஆம்பியர்-மணி தேறும். மொத்தம் 200 மில்லி ஆம்பியர் குடிக்கும் நாலைந்து பெடல்களுக்கு 16 மணி நேரம் வரும்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. சிறு பெடல் ஒன்றை மட்டும் மாட்டினால், 'போன் நிறைந்துவிட்டது' என்று எண்ணிப் பவர் பாங்க் தானே அணைந்துவிடலாம். மற்றொன்று, வோல்ட்டை உயர்த்தும் வயர் மட்டமானதாக இருந்தால் கரகரப்பு பெடலில் 'கீ' என்ற இரைச்சல் எழும். டிஜிட்டல் பெடலையும் கரகரப்பு பெடலையும் ஒரே வயரில் கோத்தாலும் இப்படி நேரலாம். அப்போது கரகரப்பு பெடலுக்குத் தனி பாட்டரி போடுவதே மேல்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஆறு பென்சில் செல்களை வரிசையாகக் கோக்கும் பெட்டியையும் பயன்படுத்தலாம். ஆறு ஒன்றரை, ஒன்பது வோல்ட். சதுர பாட்டரியைப் போல மூன்று, நான்கு மடங்கு உழைக்கும். ரேடியோ கடையில் பழகிய எவரும் வயர் பற்றவைத்துத் தருவார்.

பெரும் ஆபத்து

பாட்டரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்; பெடல் எரிந்தால் சம்பளத்தில் ஒரு பங்கு போயிற்று. வீட்டு இன்டர்நெட் ரௌட்டர், கண்காணிப்பு காமிரா ஆகியவற்றின் அடாப்டர் முனை பல சமயம் பெடல் துவாரத்தில் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று செருகிவிடக் கூடாது. அவற்றில் நடு முள் பொதுவாகப் பாசிட்டிவ். பெரும்பாலான பெடல்களில் நடு முள் நெகட்டிவ். காமிரா அடாப்டர் வழக்கமாக 12 வோல்ட் வேறு. ரௌட்டருக்காக விற்கும் சிறிய யு.பி.எஸ். பெட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெடலின் அடியில் அச்சிட்ட குறியைப் படித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

பெடல் பாட்டரியில் ஓடுகிறது என்பதற்காக ஷாக் பயம் நீங்கிவிட்டதாக எண்ணுவதும் தவறு. கிடார் கம்பி, வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருடன் சேர்ந்திருக்கிறது. பந்தலில் எர்த் சரியில்லாவிட்டால், மைக்கில் உதடு பட்டதும் உயிருக்கே ஆபத்து நேரலாம். மழைக்கால மேடையில் எர்த்தைச் சோதித்துவிட்டு ஏறுவது முதல் கடமை.

கச்சேரிப் பையில் புது பாட்டரி ஒன்று உபரியாக இருக்கட்டும். அன்றைய கச்சேரியைக் காப்பாற்ற அது ஒன்று போதும்.