முதுகெலும்பும் முதுகுநாணும்

கண்மாயில் கெளுத்தி மீன், கரையில் தவளை, வேலியில் ஓணான், பனையில் தூக்கணாங்குருவி, மேய்ச்சல் காட்டில் வெள்ளாடு. மீன்கள், நீர்நில வாழ்வன, ஊர்வன, பறப்பன, பாலூட்டிகள் என்று நாம் பாடத்தில் படிக்கும் முதுகெலும்புள்ள பிராணிகளின் ஐந்து வகுப்புகளையும் குமாரலிங்கபுரத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் இவற்றை ஒரே குலமாக்குவது முதுகெலும்பு மட்டுமன்று. எலும்பு உருவாவதற்கு முன்பே, கருவில் முதுகுப் பக்கமாக வளையக்கூடிய ஒரு மெல்லிய தண்டு தோன்றுகிறது. அதுவே முதுகுநாண். அதற்கு மேலே குழாய் போன்ற நரம்பு வடம் (மண்புழுவுக்கோ இது வயிற்றுப் பக்கம் ஓடுகிறது), தொண்டையில் செவுள் பிளவுகள் அல்லது அவற்றின் அடையாளம், பின்னால் நீளும் வால் ஆகியவையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் தோன்றினால் அப்பிராணி முதுகுநாணி எனப்படும். தோழியரே, தாயின் கருவறையில் நமக்கும் வால் இருந்தது! முதுகுநாணின் மிச்சமோ நம் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் நடுவில் மெத்தென்ற பொருளாக அமைகிறது. தண்ணீர்க் குடம் சுமக்கும்போது பாரத்தைத் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு.

முதுகெலும்பே இல்லாத முதுகுநாணிகளும் உண்டு. அவற்றைக் காணக் கடலுக்குத்தான் போக வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் தூண்களிலும் படகுகளின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும் ஆசிடியன், பார்வைக்கு ஒரு பை. தொட்டால் நீரைப் பீய்ச்சும். இது நமக்கு உறவென்று யார் நம்புவார்? 1866 இல் கோவலெவ்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் இதன் இளம் பருவத்தை ஆராய்ந்தார். அது தலைப்பிரட்டையைப் போல் நீந்துகிறது. வாலில் முதுகுநாண் இருக்கிறது! ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டதும் வாலும் நாணும் மறைந்துவிடுகின்றன.

இதைவிட விந்தையானது, பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் மணலில் வளை தோண்டி வாழும் பலனோகிளாசஸ் என்னும் புழு. இதற்குச் செவுள் பிளவுகள் உண்டு. வாயிலிருந்து முன்னோக்கி நீளும் சிறு குழலை முதுகுநாண் என்று கருதி, 1880களில் பேட்சன் என்பவர் இதையும் நம் குலத்தில் சேர்த்தார். அது உண்மையான நாண் அன்று என்று பின்னர் தெரிந்ததால், அரைநாணிகள் என்று தனியே பிரித்துவிட்டார்கள். இன்றைய மரபணு ஆராய்ச்சிப்படி இதற்கு நெருங்கிய உறவு நட்சத்திர மீனே. ஆயினும் 2015 இல் இவ்வினப் புழுக்களின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, செவுள் பகுதியோடு தொடர்புடைய சில மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் கண்டார்கள். அதே கூட்டம் முதுகெலும்புள்ள பிராணிகளிடமும் இருக்கிறது.