கொள்கையா, பாதுகாப்பா? இஸ்ரேல் உறவு தரும் பாடம்

ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையைத் தீர்மானிப்பது இலட்சியமா, பாதுகாப்புத் தேவையா என்ற கேள்விக்கு இஸ்ரேலுடனான இலங்கையின் உறவு தக்கதோர் உதாரணமாகும்.

1970இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், அரபு மக்களுக்கு ஆதரவாக இஸ்ரேலுடனான இராஜதந்திர உறவை இடைநிறுத்தியது. இனப்போர் மூண்டதும் நிலைமை மாறிற்று. முஸ்லிம்களின் எதிர்ப்பையும் மீறி, 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன் பிரிவு இயங்க ஜே.ஆர். ஜயவர்தன அனுமதித்தார். அப்போது வெளிநாட்டமைச்சராக இருந்தவர் ஏ.சி.எஸ். ஹமீத் என்பது குறிப்பிடத்தக்கது. 1990இல் பிரேமதாச அப்பிரிவை மூடினார். எனினும், இராஜதந்திர உறவு இல்லாத 1996இலேயே இஸ்ரேலின் கிபிர் விமானங்கள் இங்கு வந்து சேர்ந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதத்தில் முழு உறவும் புதுப்பிக்கப்பட்டது.

பாதுகாப்பு நலனே வென்றது என இதற்கு விளக்கம் கூறலாம். ஆனால், அது யாருடைய பாதுகாப்பு? கிபிரின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய வன்னித் தமிழரும், பலஸ்தீனத்துக்காகக் குரலெழுப்பிய முஸ்லிம்களும் இந்நாட்டின் பிரஜைகளே. அவர்களது அச்சமும் வேதனையும் கணக்கில் எடுக்கப்படவில்லை. யுத்தம் 2009இல் முடிந்தது, உறவோ நீடிக்கின்றது.

தேசிய நலன் எதுவென வகுக்கையில் எல்லாச் சமூகங்களையும் கலந்தாலோசிக்காதவரை, கொள்கையும் பாதுகாப்பும் ஆட்சியாளரின் வசதிக்கேற்ற சொற்களாகவே இருக்கும்.