நிழல் காணாமல் போகும் நாள்

“நாம் சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் சிங்கப்பூரில் இவ்வளவு வெயிலா?” நான் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கும் தொடக்கப்பள்ளி மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சூரியன் ஒரு நட்சத்திரம். நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம். அருகில் என்றாலும் தூரம் ஏறத்தாழ 150 மில்லியன் கிலோமீட்டர். அதன் ஒளி நம்மை எட்ட 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியின் ஒளி வந்துசேர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும்.

சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 விழுக்காடு சூரியனுக்கே சொந்தம். எட்டுக் கோள்களும் மற்றவையும் எஞ்சிய துளியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சூரியனின் ஈர்ப்பு விசைதான் அவற்றைச் சிதறவிடாமல் சுற்றவைக்கிறது. மூன்றாவதாகச் சுற்றிவருவது நம் பூமி.

பூமியின் பாதை முழு வட்டமன்று. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து 147 மில்லியன் கிலோமீட்டரிலும் ஜூலைத் தொடக்கத்தில் 152 மில்லியன் கிலோமீட்டரிலும் இருக்கிறோம். ஆனால், சூரியனை நெருங்கியிருக்கும் ஜனவரியில்தான் இங்கு வடகிழக்குப் பருவமழை பெய்து குளிர்கிறது! ஆகவே, வெயிலுக்குக் காரணம் தூரமன்று.

ஒரு தாளின்மீது கைவிளக்கை நேராகப் பிடியுங்கள். ஒளி சிறிய வட்டமாகப் பளிச்சென்று விழும். சாய்த்துப் பிடித்தால் பரவி மங்கிவிடும். பூமத்திய ரேகையை ஒட்டியிருக்கும் நமக்குச் சூரியக் கதிர்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய நேராக விழுகின்றன. அதுதான் காரணம்.

இதை நீங்களே சோதிக்கலாம். மார்ச் 23, செப்டம்பர் 20 ஆகிய நாள்களையொட்டி, பிற்பகல் 1 மணிவாக்கில் ஒரு பென்சிலை வெயிலில் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கோலாலம்பூரில் மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் இதைப் பார்க்கலாம்.

உச்சிவேளை 12 மணிக்குத்தானே, ஏன் 1 மணி? 1982ஆம் ஆண்டு பிறந்தபோது சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்தின. அதனால், நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முந்தி ஓடுகிறது.

ஓர் எச்சரிக்கை: நிழலை மட்டும் பாருங்கள். வெறுங்கண்ணாலோ சாதாரணக் கறுப்புக் கண்ணாடியாலோ சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. பாதிப்பு ஏற்பட்ட பிறகே பார்வை மங்குவதை உணர்வோம்.

மார்ச்சில் என் மாணவியும் பென்சிலுடன் காத்திருப்பாள். நீங்கள் தயாரா?