புறக்கடைக் கோழி

கொச்சித் துறைமுகத்தின் வாயிலில், கடலுக்கும் காயலுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது வைப்பின் தீவு. அதன் நீளம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அகலமோ பெரும்பாலான இடங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொண்டுவந்து வைத்த மண்ணே இத்தீவு என்றும், அதனாலேயே 'வைப்பு' என்னும் சொல் இதன் பெயரில் நின்றது என்றும் கூறுவர். ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு, பள்ளிப்புறம் எனத் தீவு நெடுகிலும் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் நிலம் இருந்தால் அதுவே பெரிது. இத்தனை நெருக்கத்திலும் பல வீடுகளின் பின்புறத்தில் ஒரு கோழிக்கூடு இருக்கிறது. மீனும் இறாலும் வாசலிலேயே கிடைக்கும் ஊரில் மக்கள் ஏன் கோழி வளர்க்கத் தொடங்குகின்றனர்?

கேட்டால் முதலில் வரும் விடை, 'முட்டைக்காக' என்பதே. கேரளத்தில் உண்ணப்படும் முட்டைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டின் நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரிகளில் வருகிறது. கறிக்கோழி பல்லடம் பகுதியிலிருந்து வருகிறது. நாமக்கல்லில் அறிவிக்கப்படும் விலை வைப்பின் பெட்டிக்கடை வரை எதிரொலிக்கும். தீவை எர்ணாகுளத்தோடு இணைக்கும் கோசிரீ பாலங்கள் 2004இல் திறக்கப்பட்டன. அதற்கு முன் நகரத்துப் பொருள்கள் பெரும்பாலும் படகேறித்தான் வந்தன. வெளியிலிருந்து வரும் பொருளை நம்பி வாழ்வது என்றால் என்ன என்பது தீவு மக்களுக்குப் புதிதன்று.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது அந்த நினைவு எல்லோருக்கும் திரும்பியது. எல்லைகளில் வண்டிகள் தயங்கி நின்றன. அந்த ஆண்டில்தான் கேரள அரசு, வீட்டுத் தோட்டத்தையும் கால்நடை வளர்ப்பையும் ஊக்குவிக்கும் 'சுபிக்ஷ கேரளம்' திட்டத்தைத் தொடங்கியது. வேலைக்குச் செல்ல வழியின்றி வீட்டில் இருந்தவர்களுக்கு நேரம் இருந்தது. நாளைய உணவு பற்றிய அச்சமும் இருந்தது. இவ்விரண்டும் சேரும் இடத்தில் கோழிக்கூடு எழுவது உலக வழக்கம். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு, வீடுதோறும் ஆளுக்கு இரண்டு கோழிகள் வளர்க்குமாறு சுவரொட்டி அச்சிட்டு ஒட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை என்று பங்கீடு இருந்தது. அந்த ஒரு முட்டையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அதற்கு ஈடாகக் கோழித்தீவனம் வழங்கப்பட்டது. அவர்கள் அதனைச் சமையலறைக் கழிவோடு பிசைந்து தம் கோழிகளுக்கு இட்டனர்.

ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் கூடுகள் அப்படியே இருக்கின்றன. காரணம் சிக்கனமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கூண்டில் அடைத்து வளர்க்கப்படும் முட்டைக்கோழி ஒன்று நாள்தோறும் ஏறக்குறைய 110 கிராம் தீவனம் உண்ணும். ஆண்டுக்கு 40 கிலோ. குஞ்சு முட்டையிடத் தொடங்க ஐந்து மாதமாகும். அதுவரை செலவு மட்டுமே. கூண்டின் விலையையும் சேர்த்தால், தீவனம் முழுவதையும் கடையில் வாங்குபவர் மலிவான முட்டை உண்பதாகச் சொல்ல இயலாது. காலாற மேய்ந்து, எஞ்சிய சோற்றையும் புழு பூச்சிகளையும் கொத்தித் தின்னும் நாட்டுக்கோழியின் கணக்கு வேறு. அதற்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் அது ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைகளுக்கு மேல் இடுவது அரிது. இடையில் அடைகாக்கவும் அமர்ந்துவிடும். பணத்தை மிச்சப்படுத்த மட்டுமே கோழி வாங்கியவர்கள் விரைவில் கூட்டை விற்றுவிடுகின்றனர் என்பதில் வியப்பில்லை. நிலைத்திருப்பவர்களுக்கு வேறு காரணங்கள் உள்ளன.

அவற்றுள் ஒன்று நம்பிக்கை. கடையில் வாங்கிய முட்டை எந்தக் கோழி இட்டது, அக்கோழி எதை உண்டது, அதற்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தன் வீட்டுக் கோழியைப் பற்றி இவை யாவும் தெரியும். இதனோடு சில தவறான எண்ணங்களும் கலந்துள்ளன. பழுப்பு ஓட்டு முட்டை வெள்ளை முட்டையைவிடச் சத்து மிகுந்தது என்று பலர் நம்புகின்றனர். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததன்று. மஞ்சள் கருவின் ஆழ்ந்த நிறம் கோழி தின்ற கீரையிலிருந்தும் புல்லிலிருந்தும் வருகிறது. வைப்பின் மக்கள் அறிந்த வேறொரு செய்தியும் உண்டு: மீன் கழிவை அளவுக்கு மீறி இட்டால் முட்டையில் மீன் வாடை வீசும். கோழி உண்டதை முட்டை மறைப்பதில்லை.

மற்றொரு காரணம் குப்பை. 2023 மார்ச்சில் கொச்சிக்கு அருகே பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பல நாள் புகைந்தது. நகரமே மூச்சுத் திணறியது. அதன்பின், வீட்டுக் குப்பையை வீட்டிலேயே கழிக்க வேண்டும் என்னும் பேச்சு வலுப்பெற்றது. காய்கறித் தோல், எஞ்சிய சோறு, தேங்காய்ப் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கோழி உணவாக்குகிறது. அதன் எச்சம் மக்கி வாழைக்கும் முருங்கைக்கும் எருவாகிறது. உப்பேறிய மணலில் பயிர் செய்யும் தீவில் இந்த எருவின் அருமை பெரிது.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம், முட்டைக் காசு யார் கைக்குச் செல்கிறது என்பதில் உள்ளது. மாடு, நிலம், படகு ஆகியவற்றின் வருவாய் குடும்பத் தலைவரின் கணக்கில் சேரும். முட்டைக் காசு மட்டும் பெண்ணின் அஞ்சறைப்பெட்டிக்குள் தங்கும். பிள்ளையின் எழுதுகோலுக்கும் மருத்துவரிடம் போகும் பேருந்துக் கட்டணத்துக்கும் யாரிடமும் கேளாமல் எடுக்கத்தக்க காசு அது. 1989இல் தொடங்கப்பட்ட கேரள மாநிலக் கோழி வளர்ப்புக் கழகமும், 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கமும் பெண்களின் கையில் கோழிகளைக் கொடுக்க முயன்றது இதனை உணர்ந்தே. பள்ளி மாணவர்களுக்கும் கோழி வழங்கும் திட்டங்கள் வந்தன.

அழகுக்காகக் கோழி வளர்ப்போரும் உண்டு. அவர்களுக்குக் கொச்சியின் பெயரே ஒரு வேடிக்கை. கால் விரல் வரை இறகு மூடிய 'கொச்சின்' என்னும் பெருங்கோழி இனம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது கொச்சியில் தோன்றியதன்று, சீனாவிலிருந்து சென்றது. இன்றைய வியத்நாமின் தென்பகுதிக்கு ஐரோப்பியர் இட்ட 'கொச்சின்சீனா' என்னும் பெயர் அக்கோழிகளுக்கு ஒட்டிக்கொண்டது. பின்னர் 'சீனா' உதிர்ந்தது. இந்தியாவின் கொச்சியோடு குழம்பாதிருக்கவே 'சீனா' சேர்க்கப்பட்டது என்பர். குழப்பம் எப்படியும் வந்து சேர்ந்தது! 1840களில் அத்தகைய பறவைகள் விக்டோரியா அரசியை அடைந்தன. அதன்பின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மக்கள் கோழிக்குப் பெரும்பணம் கொட்டினர். 'கோழிக் காய்ச்சல்' என்றே அந்த வெறி பெயர் பெற்றது. 1849இல் பாஸ்டன் நகரில் கோழிக் கண்காட்சியே நடந்தது. சில ஆண்டுகளில் விலை சரிந்தது, காய்ச்சலும் தணிந்தது.

தொடங்குவது எளிது, தொடர்வதில்தான் உழைப்பு இருக்கிறது. புதிதாக வளர்ப்போர் ஒரு நாள் குஞ்சை வாங்குவதைவிட, தடுப்பூசி போட்டு 45 நாள் வளர்க்கப்பட்ட குஞ்சை வாங்குவது நலம். இளங்குஞ்சுக்கு வெப்பம் வேண்டும்; காகமும் பருந்தும் கீரியும் அதற்காகவே காத்திருக்கும். மண்ணுத்தியில் உருவான கிராமசிரீ, ஐதராபாத்தில் உருவான கிராமப்பிரியா போன்ற இனங்கள் நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையிடும். எடவனக்காடு, நாயரம்பலம் பகுதிகளில் வேலியேற்றத்தின்போது கடல்நீர் முற்றத்துக்கே வந்துவிடுவதால், தரையில் கூடு வைக்க முடியாது; கால்கள் நட்டு உயர்த்த வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடு வெறுமையாகும். தடுப்பூசிதான் காப்பு, நோய் வந்தபின் மருந்தில்லை.

பறவைக் காய்ச்சல் இன்னும் கொடியது. 2014இலும் 2021இன் தொடக்கத்திலும் அண்டை மாவட்டமான ஆலப்புழையில் அது பரவியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தையும் அழிக்க வேண்டும் என்பது விதி. பண்ணையில் ஆயிரம் வாத்து இருந்தாலும், புறக்கடையில் மூன்று கோழி இருந்தாலும் விதி ஒன்றே. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்த வயதுடையதற்கு 100 ரூபாயும் அரசு இழப்பீடு வழங்கியது. பாதுகாப்பு உடை அணிந்த பணியாளர்கள் வாசலில் வந்து நிற்கும்போது, பெயரிட்டு அழைக்கப்பட்ட கோழியையும் பிடித்துக் கொடுக்கத்தான் வேண்டும். நோயின் அறிகுறி எதுவும் அதனிடம் இல்லாதிருக்கலாம். கொடுக்க மறுத்தால் அடுத்த வீட்டுக் கோழிகளுக்கும், சில வேளை மனிதர்களுக்கும் ஆபத்து. கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு தெளித்து, சில மாதங்கள் வெறுமையாக வைத்திருக்க வேண்டும். தடை நீங்கியதும், குஞ்சு விற்கும் வண்டி எப்போது வரும் என்று கேட்கத் தொடங்குகின்றனர்.