குப்பைக்கிடங்குக்குள் ஒரு தொழிற்கூடம்

கலிபோர்னியாவின் சான்டா பார்பரா நகருக்கு மேற்கே, பசிபிக் கடலை ஒட்டிய பள்ளத்தாக்கு ஒன்றில் 1967 முதல் குப்பை கொட்டுகிறார்கள். தஹிகுவாஸ் என்பது அந்த இடத்தின் பெயர். சான்டா பார்பரா கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் நடத்தும் அந்தக் கிடங்கு நிரம்பிக்கொண்டே வந்தது. அந்தக் கடற்கரையில் இன்னொரு கிடங்குக்கு இடம் பிடிப்பது நடக்கிற காரியமல்ல. எனவே கிடங்கின் வளாகத்திலேயே குப்பையைத் தரம் பிரிக்க ஒரு கூடமும், மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்க ஒரு கூடமும் கட்டினார்கள். 2021-ல் அவை ஓடத் தொடங்கின.

இப்படிப்பட்ட கூடங்களின் கணக்கையே மாற்றியது 2016-ல் கலிபோர்னியா இயற்றிய எஸ்.பி. 1383 என்ற சட்டம். 1989-ல் வந்த பழைய சட்டம் எடையைப் பார்த்தது: 2000-க்குள் கிடங்குக்குப் போகும் குப்பையில் பாதியைக் குறைக்கச் சொன்னது. புதிய சட்டம் மீத்தேனைக் குறிவைக்கிறது. சோறும் காய்கறித் தோலும் புல்லும் மண்ணுக்கடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் பிறக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அதனால், புதைபடும் மக்கும் குப்பையை 2014-ல் இருந்த அளவிலிருந்து 2025-க்குள் 75 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

இதற்கு நகரங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. வீட்டிலேயே தனித்தொட்டியில் பிரித்து வாங்கலாம். அல்லது கலந்த குப்பையையே வாங்கி ஆலையில் பிரிக்கலாம். ஆனால் அந்த ஆலை மக்கும் குப்பையில் 75 சதவீதத்தை மீட்டாக வேண்டும். தஹிகுவாஸ் இரண்டாவது வழியைப் பெரிதும் நம்புகிறது. சல்லடைகளும் காந்தங்களும் ஒளியால் பொருளை இனங்காணும் எந்திரங்களும் மனிதக் கைகளும் சேர்ந்து குப்பையைப் பிரிக்கின்றன. மக்கும் பகுதி காற்றுப் புகாத அறைகளுக்குப் போகிறது. நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலனில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், மிஞ்சுவது உரமாகிறது.

உணவுக் கழிவை வீட்டில் தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை என்பதால் மக்களுக்கு இது வசதி. எனக்கு உறுத்துவது உரத்தின் தரம். எச்சில் சோறும் உடைந்த கண்ணாடியும் ஒரே பையில் வந்த பிறகு எந்த எந்திரமும் அவற்றை முழுசாகப் பிரித்துவிட முடியாது. பிளாஸ்டிக் துணுக்கு கிடக்கும் உரத்தை விவசாயி தன் நிலத்தில் போடத் தயங்குவார். உரம் தேங்கிவிடக் கூடாது என்பதைச் சட்டமும் யோசித்திருக்கிறது: ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 73 கிலோ மக்கும் குப்பைக்கு ஈடான உரத்தையோ எரிவாயுவையோ நகர நிர்வாகங்களே வாங்கியாக வேண்டும்.

பணம் இன்னொரு சிக்கல். ஆலை கடனில் எழுகிறது. குப்பைக்கு டன் கணக்கில் வாங்கும் கட்டணத்தில் அந்தக் கடன் அடைகிறது. அதனால் சான்டா பார்பரா, கோலிட்டா போன்ற நகரங்கள் தங்கள் குப்பையை இங்கேதான் கொண்டுவருவோம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. நாளை மக்கள் குப்பையைக் குறைத்தால் ஆலையின் வருமானமும் குறையும். இன்றைய குப்பையின் அளவுக்கு ஆலை கட்டுவது ஆபத்து. பத்தாண்டு கழித்து எவ்வளவு வரும் என்று கணக்கிட்டே கட்ட வேண்டும்.

சட்டத்தின் எதிர்காலமும் உறுதியில்லை. 2020-க்குள் 50 சதவீதக் குறைப்பு என்ற அதன் இடைக்கால இலக்கைக் கலிபோர்னியா எட்டவில்லை. 2023-ல் மாநில அரசின் சுயேச்சைக் கண்காணிப்பு அமைப்பான லிட்டில் ஹூவர் ஆணையம் சட்டத்தைச் சிறிதுகாலம் நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. நிறுத்தினால், கடன் வாங்கி ஆலை கட்டியவர்களுக்குத்தான் முதல் அடி. இத்தகைய ஆலைக்கு அனுமதி, சுற்றுச்சூழல் ஆய்வு, நிதி எல்லாம் கூடிவரப் பல ஆண்டுகள் ஆகும். தஹிகுவாஸ் திட்டத்தைப் பற்றிச் சட்டம் வருவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்கள். தவணையை வேண்டுமானால் நீட்டட்டும், சட்டத்தை நிறுத்தக் கூடாது. அதோடு, உணவுக் கழிவையாவது வீட்டிலேயே தனியாகப் பிரித்து வாங்க அந்தக் கவுண்டி முன்வர வேண்டும்.