தூளி கிழியாது, தூண்தான் சாயும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் வீட்டு முன்புறத்தில் ஒரு துணி ஊஞ்சல் கட்டினேன். ஒரு முனை மாமரத்தில், மறுமுனை கேட்டுத் தூணில். துணி புதிது, கயிறும் நல்ல கனம். முதலில் நான்தான் ஏறிப் படுத்தேன். இரண்டு ஆட்டம்கூட ஆகவில்லை, தூணின் அடியில் சிமெண்டுப் பூச்சு 'டப்'பென்று வெடித்தது. பிள்ளைகள் அப்போது அந்தத் தூணை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

துணியில் படுத்து ஆடுவது நமக்குப் புதிதில்லை. தோட்டங்களில் பால்மரம் சீவப் போகும் தாய்மார்கள் விடியற்காலையிலேயே குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். அங்கே உத்திரத்தில் சேலைத் தூளிகள் தொங்கும். வீட்டுக்கு வந்தால் அங்கும் ஒரு தூளி. சேலையும் ஒரு உத்திரமும் இருந்தால் போதும் என்று நாம் நினைப்பது அந்தப் பழக்கத்தால்தான்.

ஆனால் உத்திரத்தில் கட்டிய தூளியின் பாரம் நேராகக் கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டு தூண்களுக்கு இடையே கட்டும் ஊஞ்சலோ இரண்டையும் பக்கவாட்டில், ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கும்போது கயிறு தரைமட்டத்துக்கு 30 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு கயிற்றிலும் 70 கிலோ இழுவை இருக்கும். தொய்வே இருக்கக் கூடாதென்று இழுத்துக் கட்டி, அதே சாய்வை 10 பாகையாக்கினால் இழுவை ஏறக்குறைய 200 கிலோ ஆகிவிடும். கம்பி வைக்காமல் செங்கல்லை அடுக்கிப் பூசிய தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். இந்த இழுப்பைத் தாங்காது. சாய்ந்தால் படுத்திருப்பவர் மேல்தான் சாயும். தாமான் வீடுகளின் கேட்டுத் தூணுக்குள் கம்பி இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. ஆகவே அதில் கட்டவே வேண்டாம்.

மரம்தான் நல்லது. அடிமரம் குறைந்தது 20 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள, பட்டுப்போகாத மா, ரம்புத்தான் போன்றவை தாங்கும். தென்னை வேண்டாம், தலையில் காய் விழும். முருங்கையும் வேண்டாம், வேதாளம் ஏறலாம், நாம் ஏறினால் முறிந்துவிடும். மரத்தில் வெறும் கயிற்றைச் சுற்றினால் பட்டையை அறுக்கும். லாரியில் சாமான் கட்டுகிற அகலமான நாடாவைச் சுற்றி, அதில் கயிற்றை மாட்டுங்கள். மரமில்லாத வீட்டுக்காரர்கள் தனியாக நிற்கும் இரும்புச் சட்டம் வாங்கிக்கொள்வதே மேல்.

தைப்பது ஒரு மாலை வேலை. 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் கெட்டியான பருத்தித் துணியோ கன்வாஸோ வாங்குங்கள். லாரிப் படுதா தைக்கும் கடைகளில் கன்வாஸ் கிடைக்கும். பாட்டியின் பழைய சேலைதான் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். துவைத்துத் துவைத்து இழை நைந்திருக்கும், குழந்தையைத் தாங்கியது பெரியவரைத் தாங்காது. நீளவாட்டில் இருக்கும் இரண்டு ஓரங்களையும் மெல்லியதாக மடித்துத் தையுங்கள். அகலவாட்டு முனைகள் இரண்டையும் முதலில் ஒரு சென்டிமீட்டர், பிறகு 6 சென்டிமீட்டர் மடித்து, பாலியஸ்டர் நூலால் மூன்று வரிசைத் தையல் போடுங்கள். தையல் மெஷினில் 16 அல்லது 18 எண் ஊசி இருக்கட்டும். மொத்தப் பாரமும் இந்தத் தையலில்தான் நிற்கிறது.

அந்த மடிப்புக்குள் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனமுள்ள பாலியஸ்டர் கயிற்று வளையத்தை நுழைத்து, அதன் ஒரு நுனியை மறு நுனிக்குள் விட்டு இழுங்கள். துணி கொசுவம் போலச் சுருங்கி இறுகிக்கொள்ளும். மலிவான பிளாஸ்டிக் கயிறு நம் ஊர் வெயிலில் சீக்கிரமே பொடிந்துவிடும். படங்களில் அழகாகத் தெரிகிறதே என்று இரு முனைகளிலும் குறுக்குக் கட்டை வைக்காதீர்கள். அந்த வகைதான் ஆளைச் சட்டென்று கவிழ்க்கும்.

மரங்களுக்கிடையே 4 மீட்டர் இடைவெளி இருந்தால், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். துணி வாழைப்பழம் போல் வளைந்து தொங்க வேண்டும். உட்கார்ந்தால் நாற்காலி உயரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்கு இறங்க வேண்டும். முதலில் கைகளால் அழுத்திப் பாருங்கள், பிறகு உட்காருங்கள், அதன் பிறகு படுங்கள். நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது.

கைக்குழந்தையை இதில் தூங்க விடாதீர்கள். துணி வளைவில் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுத் திணறும். பெரிய பிள்ளைகள் ஆடலாம், நின்றுகொண்டு ஆடக் கூடாது.

சாயங்கால மழைக்கு முன் கழற்றிச் சுருட்டி உள்ளே வையுங்கள். நனைந்த துணியில் பூஞ்சை பிடிக்கும். கன்வாஸாக இருந்தால் குழியில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். எங்கள் ஊஞ்சல் இப்போது மாமரத்துக்கும் பின்பக்க ரம்புத்தானுக்கும் நடுவே தொங்குகிறது. கேட்டுத் தூணை ஆள் வைத்து இடித்துக் கட்டினோம், இந்த முறை உள்ளே கம்பி வைத்து.